ஹை-ஃப்ளோ கன்வெர்ட்டர் மாட்டிய காரில் பழுது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

கோவையில் டர்போ பெட்ரோல் கார்களைப் பார்க்கும் பணிமனையில் வேலை செய்பவன் என்பதால், செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடிவிட்டு வரும் கார்களில் ஒரே பழுதை மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன். புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கம்பெனி கன்வெர்ட்டரை (கேட்டலிடிக் கன்வெர்ட்டர்) கழற்றிவிட்டு, பெரிய டவுன்பைப்போடு (டர்போவிலிருந்து புகையைக் கொண்டுபோகும் குழாய்) சேர்த்து, புகை தடையின்றிப் போகும்படி துளைகள் (செல்) குறைவாக உள்ள 200 செல் ஹை-ஃப்ளோ கன்வெர்ட்டரை மாட்டியிருப்பார்கள். சில மாதங்களில் செக் இன்ஜின் விளக்கு எரியும், அல்லது இழுவை குறையும், அல்லது காருக்கு அடியில் கலகலவென்று சத்தம் கேட்கும். உரிமையாளர் வந்ததும் புதிய கன்வெர்ட்டர் என்ன விலை என்றுதான் கேட்பார். ஆனால் கன்வெர்ட்டர் தானாகக் கெடுவது அரிது; அதைக் கெடுத்தது அநேகமாக இன்ஜின் பக்கம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புதியதை மாட்டினால், புதியதும் அதே வழியில் போய்விடும்.

கீழே உள்ள வரிசை, செலவில்லாத சோதனையில் தொடங்கிப் பணம் கேட்கும் வேலையில் முடிகிறது. உங்கள் காரில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போகலாம்.

## தொடங்கும் முன்

நேரடித் தரவு காட்டும் ஸ்கேனர், மல்டிமீட்டர், வேக்குவம் கேஜ், சோப்புத் தண்ணீர், நல்ல டார்ச் ஆகியவை போதும். இழுவைப் பிரச்சினைக்கு மட்டும், புகைக்குழாயில் தேங்கும் அழுத்தத்தை அளக்கும் 18 மி.மீ. மரையுள்ள பின்னழுத்த கேஜ் வேண்டும். கன்வெர்ட்டர் ஆற ஒரு மணி நேரமாவது ஆகும்; அதற்கு முன் கை வைக்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வைத்தே ஆக வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது என்பதால், மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்கும் சோதனை எதையும் செய்யக்கூடாது.

இன்ஃப்ரா ரெட் வெப்பமானியைக் காட்டிப் பலர் தீர்ப்புச் சொல்கிறார்கள். பளபளப்பான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மேல் அது உண்மையைவிடக் குறைவான வெப்பத்தையே காட்டும். ஐட்லிங்கில் நல்ல கன்வெர்ட்டருக்கும் இரு முனைகளுக்கிடையே பெரிய வேறுபாடு இருக்காது. ஆகவே அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய மாட்டேன்.

## அறிகுறி 1: செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிகிறது, ஸ்கேனரில் பி0420

எங்களிடம் அதிகம் வருவது இதுதான். வி6, வி8 இன்ஜின்களில் இரண்டாவது வரிசைக்கு இதே பிழை பி0430 என்று வரும். கன்வெர்ட்டரின் செயல்திறன் போதவில்லை என்று கம்ப்யூட்டர் கருதுகிறது என்பது மட்டுமே இதன் பொருள். கன்வெர்ட்டரை மாற்று என்ற உத்தரவு அல்ல.

### கூடவே வேறு குறியீடும் இருந்தால்

பி0300 முதல் பி0304 வரை மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) குறியீடு ஏதேனும் இருந்தால் அறிகுறி 4-க்குப் போங்கள். பி0171 இருந்தால் காற்று மிகுதி, பி0172 இருந்தால் பெட்ரோல் மிகுதி; இவற்றைச் சரி செய்து, குறியீட்டை அழித்து, சில நாள் ஓட்டிய பிறகே பி0420-ஐப் பற்றி யோசிக்க வேண்டும். பி0141 இருந்தால் பின் சென்சாரின் (கன்வெர்ட்டருக்குப் பின்னால் ஆக்சிஜனை அளக்கும் சென்சார்) ஹீட்டர் மின்சுற்றில் பழுது. முதலில் ஃபியூஸ், அடுத்து வயர், அதன் பின் சென்சார் என்ற வரிசையில் பாருங்கள். டவுன்பைப் மாற்றும்போது வயரை அதன் பழைய கிளிப்பில் மாட்டாமல் விட்டுவிட்டு, அது குழாயில் பட்டு உருகிப்போன கார்கள் பல வந்திருக்கின்றன.

### பி0420 மட்டும் இருந்தால் முதலில் கசிவு

புகைக்குழாயில் கசிவு இருந்தால் வாயு வெளியே மட்டும்தான் போகும் என்று நினைக்கிறோம். உண்மையில் ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் வெளிக்காற்று உள்ளேயும் இழுக்கப்படும். அந்த ஆக்சிஜனைப் பின் சென்சார் பார்த்துவிட்டுக் கன்வெர்ட்டரின் மேல் பழி போடும். மாற்றுப் பாகம் மாட்டிய கார்களில் டர்போவுக்கும் டவுன்பைப்புக்கும் இடையிலுள்ள கிளாம்ப், சுருங்கி விரியும் ஃபிளெக்ஸ் குழாய், வெல்டிங் செய்த சென்சார் புஷ் (சென்சாரைத் திருகி மாட்டும் வளையம்) ஆகிய மூன்று இடங்களிலும்தான் பெரும்பாலும் கசிவு இருக்கும்.

காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன் டிக் டிக்கென்ற சத்தம் வந்து, சூடேறியதும் அது மறைந்தால் இணைப்பில் கசிவு இருப்பதற்கு அது நல்ல அடையாளம். இன்ஜினை நிறுத்திவிட்டு, புளோயரால் சைலன்சர் முனை வழியாகக் காற்றை உள்ளே செலுத்தி, இணைப்புகளின் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி எழும் இடம் தெரிந்துவிடும். ஃபிளாஞ்சைச் சுற்றிக் கரிக்கோடு இருந்தால் சோதனையே தேவையில்லை. கேஸ்கெட்டின் விலை சில நூறு ரூபாய்தான், ஆனால் பழைய கேஸ்கெட்டைத் திரும்ப மாட்டாதீர்கள். கிளாம்பைக் கண்டபடி முறுக்காமல், வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள முறுக்கு அளவிலேயே இறுக்க வேண்டும். சாதாரண சிலிக்கான் பசையைத் தடவிக் கசிவை அடைத்தால், அதிலிருந்து கிளம்பும் ஆவி சென்சாரையும் கன்வெர்ட்டரையும் சேர்த்துக் கெடுக்கும்.

### கசிவு இல்லையென்றால் பின் சென்சார்

காரைப் பத்து கிலோமீட்டராவது ஓட்டி நன்றாகச் சூடேற்றிவிட்டு, 2,500 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு பின் சென்சாரின் மின்னழுத்தத்தைப் பாருங்கள். 0.6 முதல் 0.8 வோல்ட்டுக்குள் அசையாமல் நின்றால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது. 0.1-க்கும் 0.9-க்கும் இடையே விடாமல் ஏறி இறங்கினால் கன்வெர்ட்டர் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கவில்லை. 0.45 வோல்ட்டிலேயே கல்போல் நின்றால் சென்சார் எதையும் அளக்கவில்லை, அல்லது வயர் அறுந்திருக்கிறது.

சென்சாருக்கு உயிர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இன்னொரு வழி உண்டு. மூன்றாவது கியரில் வேகமெடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுங்கள். பெட்ரோல் வெட்டப்படுவதால் மின்னழுத்தம் 0.1-க்கு அருகில் விழ வேண்டும்; மறுபடியும் அழுத்தும்போது 0.7-க்கு மேல் ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் சென்சார் நல்லது, அதை மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டாம். நடக்கவில்லை என்றால் சென்சாரை மாற்றுங்கள். கன்வெர்ட்டரோடு ஒப்பிட்டால் அது சிறிய செலவு. மாட்டும்போது, புஷ் குழாயின் மேல்பாதியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கீழ்ப்பக்கம் இருந்தால் குளிர்ந்த குழாயில் தேங்கும் நீர் சென்சாரின் பீங்கானை வெடிக்கச் செய்துவிடும்.

### சென்சாரும் சரியென்றால்

இனி மீதமிருப்பது கன்வெர்ட்டரும் மென்பொருளும்தான். கம்பெனி கன்வெர்ட்டரில் சதுர அங்குலத்துக்கு 400 அல்லது 600 செல் இருக்கும். ஹை-ஃப்ளோவில் 300, 200, சிலவற்றில் 100. செல் குறையும்போது உலோகப் பூச்சின் பரப்பும் குறைகிறது. 600 செல்லுக்காக எழுதப்பட்ட கம்ப்யூட்டரின் எதிர்பார்ப்பை 100 செல் நிறைவேற்றாது. ஆகவே மாட்டிய சில நாட்களுக்குள்ளேயே பி0420 வந்திருந்தால் கன்வெர்ட்டர் கெடவில்லை. வாங்கிய பொருள் அந்தக் காருக்குப் போதவில்லை. ஒரு வருடம் அமைதியாக ஓடிவிட்டு இப்போது வந்திருந்தால்தான் அது கெட்டிருக்கிறது. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமலே பலர் இரண்டாவது முறை செலவு செய்கிறார்கள். தெருவில் ஓட்டும் காருக்கு நல்ல பூச்சுள்ள 300 செல் போதும் என்பது என் கருத்து; 200-க்கும் 300-க்கும் உள்ள குதிரைத்திறன் வேறுபாட்டைச் சாலையில் உணர முடியாது.

பின் சென்சாருக்கு அடியில், அதைப் புகையிலிருந்து தள்ளி நிறுத்தும் ஸ்பேசர் வைத்து விளக்கை அணைப்பதும், ரீமேப்பில் (கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி எழுதுவது) பி0420-ஐ அழித்துவிடுவதும் எங்கும் நடக்கின்றன. அவற்றால் குழாயின் முனையில் வெளிவரும் புகை கொஞ்சமும் மாறுவதில்லை. அதைவிட மோசம், நாளைக்கு இன்ஜின் உண்மையாகவே எண்ணெய் எரிக்கத் தொடங்கினாலும் எச்சரிக்கும் விளக்கு இருக்காது. நான் இதைச் செய்து கொடுப்பதில்லை.

பணிமனைக்குப் போக வேண்டிய கட்டம்: சோப்புத் தண்ணீரில் கசிவு தெரியவில்லை, சென்சாரும் நல்லது, மின்னழுத்தம் மட்டும் ஆடுகிறது என்றால் புகை இயந்திரமும் வாயுப் பகுப்பாய்வுக் கருவியும் உள்ள இடத்துக்குப் போங்கள்.

## அறிகுறி 2: இழுவை இல்லை, மேல் ஆர்பிஎம்மில் மூச்சுத் திணறுகிறது

ஹை-ஃப்ளோ கன்வெர்ட்டர் அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு, கம்பெனி கன்வெர்ட்டரை விடக் குறைவு. ஆகவே முதலில் காற்று வடிகட்டி, இன்டர்கூலர் குழாய் இணைப்புகள், ஸ்பார்க் பிளக் ஆகியவற்றைப் பாருங்கள். 95 ஆக்டேனுக்காக ரீமேப் செய்த காரில் 91 ஆக்டேன் ஊற்றினால், நாக்கிங்கை (சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பது) தடுக்கக் கம்ப்யூட்டர் தீப்பொறி நேரத்தைப் பின்னுக்கு இழுக்கும். அப்போதும் இதே மந்தம் தெரியும். இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் அடைப்பைத் தேடுங்கள்.

முன் சென்சாரை (கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார்) கழற்றி அந்த மரையில் பின்னழுத்த கேஜை மாட்டுங்கள். ஐட்லிங்கில் 1.25 பிஎஸ்ஐக்குக் கீழும், 2,500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது பணிமனைகளில் வழங்கும் கணக்கு. ஹை-ஃப்ளோவில் இதைவிடவும் நன்றாகக் குறைவாக இருக்க வேண்டும். ஆர்பிஎம்மை நிலையாகப் பிடித்திருக்கும்போதே அளவு மெல்ல ஏறிக்கொண்டே போனால் உள்ளே அடைப்பு இருக்கிறது.

பின்னழுத்த கேஜ் இல்லாதவர்கள், இன்ஜின் காற்றை உறிஞ்சும் குழாயில் வேக்குவம் கேஜை மாட்டிப் பார்க்கலாம். கடல் மட்டத்தில் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டும். ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். எனவே கோவையில் ஓர் அங்குலத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகவும், ஊட்டியில் ஏழு அங்குலம் வரையும் குறைவாகக் காட்டுவது இயல்பு, அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தபின் முள் மெதுவாக இறங்கிக்கொண்டே வந்தால் அடைப்பு. பிஎம்டபிள்யூவின் வால்வ்டிரானிக் இன்ஜின்களில் காற்றின் அளவை வால்வே கட்டுப்படுத்துவதால் வேக்குவம் இயல்பாகவே குறைவு. அங்கே இந்தச் சோதனை பயன்படாது.

அடைப்பு உறுதியானால் கழற்றித்தான் பார்க்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தால், உலோகத் தகட்டைச் சுருட்டிச் செய்த தேன்கூடு (செல்கள் உள்ள உட்பகுதி) சில கார்களில் தொலைநோக்கியின் குழாய்போல் நடுவிலிருந்து பின்பக்கம் பிதுங்கி வந்திருக்கும். டர்போவுக்கு நேர் பின்னால் மாட்டும் மலிவுப் பொருள்களில் இது அதிகம். பீங்கான் தேன்கூடாக இருந்தால் உருகிப் பளபளப்பாகக் கட்டிதட்டியிருக்கும். உருகியிருந்தால் அறிகுறி 4-ஐப் படிக்காமல் புதியதை வாங்க வேண்டாம்.

பணிமனைக்குப் போக வேண்டிய கட்டம்: துருப்பிடித்த முன் சென்சார் கழலாமல் அடம்பிடித்தால் நிறுத்திவிடுங்கள். மரை போய்விட்டால் டவுன்பைப்பையே இறக்க வேண்டியிருக்கும்.

## அறிகுறி 3: அடியில் கலகலவென்ற சத்தம்

பாதிக்கு மேற்பட்ட கார்களில் இது வெப்பத் தகட்டின் சத்தம்தான். காரை ஆறவைத்து, கைமுட்டியால் தகட்டைத் தட்டுங்கள். தளர்ந்த போல்ட் உடனே காட்டிக்கொடுக்கும். அடுத்து, பெரிய டவுன்பைப் சப்ஃபிரேமில் இடிக்கிறதா என்றும், தொங்கவிடும் ரப்பர் அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் கன்வெர்ட்டரின் உடலை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். உள்ளே ஏதோ உருளும் சத்தம் வந்தால் தேன்கூடு பிடியிலிருந்து விடுபட்டிருக்கிறது, அதற்குப் பழுது பார்ப்பு கிடையாது. அந்த நிலையில் ஓட்டினால் துண்டுகள் பின் சைலன்சரில் போய் அடைத்து, இன்னொரு செலவைக் கொண்டுவரும்.

## அறிகுறி 4: விளக்கு மினுக்குகிறது, அல்லது கன்வெர்ட்டர் செந்தணலாகச் சிவக்கிறது

மற்ற அறிகுறிகளோடு நாளைக்குப் பார்க்கலாம் என்று ஓட்டிப் போகலாம், இதோடு முடியாது. விளக்கு நிலையாக எரிவதும் மினுக்குவதும் ஒன்றல்ல. மினுக்கினால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்துகொண்டிருக்கிறது. காலை எடுத்து, ஓரமாக, காய்ந்த புல் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்.

### எந்த சிலிண்டர்

ஸ்கேனரில் பி0302 என்றிருந்தால் இரண்டாவது சிலிண்டர். அதன் இக்னிஷன் காயிலையும் மூன்றாவதின் காயிலையும் இடம் மாற்றி மாட்டி ஓட்டுங்கள். குறியீடு பி0303 ஆக மாறினால் காயில்தான் காரணம். மாறாமல் பி0302 ஆகவே நின்றால் ஸ்பார்க் பிளக்கை இதேபோல் மாற்றிப் பாருங்கள். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) கூட்டிய காரில் பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. வரைதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் விரிந்திருந்தால் முழு பூஸ்ட்டில் தீப்பொறி அணைந்துபோகும். இரண்டும் இல்லையென்றால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போகும். அது பணிமனை வேலை.

### மிஸ்ஃபயரே இல்லாமல் சிவந்தால்

காலை எடுக்கும்போது படபடவென்று வெடிக்கும்படி ரீமேப் செய்திருக்கிறதா என்று முதலில் கேட்பேன். அந்தச் சத்தத்துக்காகத் தீப்பொறியைத் தாமதப்படுத்தி, பெட்ரோலைப் புகைக்குழாயில் எரியவிடுகிறார்கள். கன்வெர்ட்டரில் உள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை ஏறக்குறைய 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது ஒன்றோடொன்று திரண்டு செயலிழக்கின்றன. நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்ப உதவும் லாஞ்ச் கன்ட்ரோலை அடிக்கடி பயன்படுத்துவதும் இதே வேலையைச் செய்கிறது. சத்தமும் கன்வெர்ட்டரும் ஒரே காரில் நெடுநாள் சேர்ந்திருக்காது. எது வேண்டும் என்பதை உரிமையாளரே முடிவு செய்ய வேண்டும்.

### உருகாமலே செத்துப்போன கன்வெர்ட்டர்

பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒரு 2.0 லிட்டர் செடானில், எங்களிடம் வருவதற்குள் நான்கு மாதத்தில் இரண்டு கன்வெர்ட்டர்கள் மாற்றியிருந்தார்கள். மிஸ்ஃபயர் இல்லை, கசிவு இல்லை. ஆயில் எவ்வளவு ஊற்றுகிறீர்கள் என்று கேட்டதற்கு, மாதம் ஒரு லிட்டர் என்று இயல்பாகச் சொன்னார் உரிமையாளர். இன்ஜினின் உள்காற்றைத் திருப்பி அனுப்பும் பிசிவி வால்வின் சவ்வு கிழிந்திருந்தது. ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் கன்வெர்ட்டரின் மேல் சாம்பல் போலப் படிந்து மூச்சை அடைத்திருந்தது. வால்வை மாற்றிய பிறகு மாட்டிய மூன்றாவது கன்வெர்ட்டர் இன்றும் ஓடுகிறது.

கூலன்ட் குறைந்துகொண்டே வந்தாலும் விளைவு இதுதான். ஹெட் கேஸ்கெட் சோதனை தேவை. போட்டிக்காக விமானப் பெட்ரோலான 100 எல்எல்லைக் கலப்பவர்கள் உண்டு. அதில் ஈயம் இருக்கிறது. கன்வெர்ட்டருக்கும் சென்சாருக்கும் ஈயம் நஞ்சு. சில டேங்குகளே போதும்.

## அறிகுறி 5: அழுகிய முட்டை நாற்றம் அல்லது பெட்ரோல் வாடை

முட்டை நாற்றம் வந்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் 15 வோல்ட்டுக்கு மேல் கொடுத்துக் கொதிக்க வைத்த ஈய அமில பேட்டரியும் இதே நாற்றத்தைத் தரும். மல்டிமீட்டரில் ஒரு நிமிட வேலை. பேட்டரி சரியாக இருந்தால் பெட்ரோல் மிகுதியைத் தேடுங்கள். 2020 ஏப்ரலிலிருந்து கிடைக்கும் பிஎஸ்6 பெட்ரோலில் கந்தகம் 10 பிபிஎம்முக்குள்தான் இருக்க வேண்டும். ஆகவே நல்ல பங்கில் போட்டும் நாற்றம் தொடர்ந்தால், ஸ்கேனரில் தெரியும் எரிபொருள் திருத்த எண்களும் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும் அளவு) ஒழுகும் இன்ஜெக்டரும்தான் சந்தேகத்துக்குரியவை.

காலையில் முதல் ஒரு நிமிடம் மட்டும் பெட்ரோல் வாடை வருவது ஹை-ஃப்ளோவில் இயல்பு. கன்வெர்ட்டர் வேலை தொடங்க 250 முதல் 300 டிகிரி வரை சூடேற வேண்டும். சூடேறிய பின்னும் கண் எரிந்தால் அது இயல்பல்ல.

## அறிகுறி 6: புகைச் சோதனையில் தேறவில்லை

சோதனை மையம் கொடுக்கும் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். அதில் பாதி விடை இருக்கிறது. பிஎஸ்4, பிஎஸ்6 பெட்ரோல் காருக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள்ளும், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள்ளும் இருக்க வேண்டும். 2,500 ஆர்பிஎம்மில் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள்ளும், லாம்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு; சரியான கலவை 1) 0.97 முதல் 1.03 வரையும் இருக்க வேண்டும்.

கார்பன் மோனாக்சைடு குறைவாக இருந்து லாம்டா மட்டும் 1.03-ஐத் தாண்டினால் குழாயில் கசிவு. கார்பன் மோனாக்சைடு மிகுந்து லாம்டா 0.97-க்குக் கீழே போனால் பெட்ரோல் மிகுதி. ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால் மிஸ்ஃபயர். லாம்டா சரியாக 1-ல் நின்றும் மற்ற இரண்டும் அதிகமாக இருந்தால்தான் கன்வெர்ட்டர் செத்திருக்கிறது. சோதனைக்கு முன் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, இன்ஜினை அணைக்காமல் வரிசையில் நில்லுங்கள்; நல்ல கன்வெர்ட்டரும் குளிர்ந்திருந்தால் தேறாது.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தைத் திருத்துவதைத் தடை செய்கிறது. கன்வெர்ட்டரே இல்லாத வெறும் குழாயை மாட்டிச் சாலையில் ஓட்டுவதற்கு எந்தச் சாக்கும் செல்லாது. ஹை-ஃப்ளோவே ஆனாலும், கழற்றிய கம்பெனி கன்வெர்ட்டரைப் பழைய இரும்புக்குப் போடாமல் துணி சுற்றிப் பத்திரமாக வையுங்கள்.

## புதியதை மாட்டியே ஆக வேண்டுமென்றால்

கெடுத்த காரணம் சரியாகிவிட்டது என்பதற்குச் சான்றாக, மிஸ்ஃபயர் எண்ணிக்கை பூஜ்யமாகவும் ஆயில் அளவு குறையாமலும் 500 கிலோமீட்டராவது ஓடிய பிறகே வாங்குங்கள். உடலில் உள்ள அம்புக்குறி புகை போகும் திசையைக் காட்ட வேண்டும். சென்சார் மரையில் மட்டும், அது இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் காக்கும் பசையை (ஆன்ட்டி-சீஸ்) தடவுங்கள், முனையில் படக்கூடாது. பீங்கான் தேன்கூடாக இருந்தால் முதல் சூட்டில் ரேஸ் கொடுக்காதீர்கள்; அதைச் சுற்றியுள்ள பாய் சூட்டில் விரிந்துதான் பிடிப்பு உண்டாகிறது.

300 கிலோமீட்டர் ஓடியபின், குளிர்ந்த நிலையில் எல்லா போல்ட்டுகளையும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். அன்றைக்கே 2,500 ஆர்பிஎம்மில் பின் சென்சார் காட்டும் மின்னழுத்தத்தையும் பின்னழுத்தத்தையும் ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு, சர்வீஸ் புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள். அடுத்த முறை விளக்கு எரியும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த இரண்டு எண்களே போதும்.